ஏழு மாத வருகைப்பட்டியல்

1

எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செய்திகளை இணையதளத்தில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. என் வாய்க்கொழுப்புதான் காரணம். ஒருமுறை புதுச்சேரிக்குப் போயிருந்தபோது சங்கச் செயலாளர் லூர்துநாதன் மாமாவிடம், "என்னா மாமா, போன வருஷத்து கண் முகாமுக்கு இன்னும் தளத்துல ஆள் கூப்ட்டுக்கினு இருக்கீங்க," என்று சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. "அத பாத்துக்கினு இருந்த புள்ள கனடா போயிட்டான். நீ படிச்ச பொண்ணு, இனிமே நீ பாத்துக்க," என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தலையாட்டிவிட்டார். அப்பா தலையாட்டிய பிறகு மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

நான் இருப்பது பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. வருகிறவர்களிடம் படிவத்தை நீட்டுவேன், கையெழுத்து வாங்குவேன், உட்காரச் சொல்வேன். இருபத்தெட்டு வருடமாக இதுதான். அப்பா கோவிந்தராசு பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப் போய்த் திரும்பியவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். பதினைந்து வருடம் பாலைவனத்திலும் பனியிலும் காலந்தள்ளிவிட்டு, போதும்டா சாமி என்று ஊருக்கு வந்து வீடு கட்டினார். அவர் போதும் என்று விட்டுவந்த நாட்டுக்கு நான் கல்யாணம் செய்துகொண்டு வந்தேன். கல்யாணம் நிலைக்கவில்லை, நாடு நிலைத்துவிட்டது. அம்மா போய் ஆறு வருடமாகிறது. அப்பா தனியாகத்தான் இருக்கிறார். மங்கை என்கிற பெண் காலையில் வந்து சமைத்துப் போட்டு, பொழுது சாயும்வரை கூட இருப்பாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் சங்கக் கூட்டம் நடக்கும். லூர்துநாதன் மாமாவுக்குத் தட்டச்சு வராது. கூட்டம் முழுவதையும் கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். ஒன்றேகால் மணி நேரம் ஓடும், அதில் பாதி மின்விசிறிச் சத்தம். அதைக் கேட்டுக் கேட்டு நான் செய்தியாக்க வேண்டும். நோணாங்குப்பத்தில் படகுப் பயணம், இரண்டு பேருக்குத் தலைசுற்றல். இன்னாரின் பேத்திக்குக் கல்யாணம். ஒரு மாதம் மாமா, "செய்தி ஒண்ணும் இல்லம்மா, எல்லாரும் உயிரோட இருக்கோம்," என்று மட்டும் சொன்னார். அதையும் அப்படியே போட்டேன். அந்த மாதம்தான் தளத்துக்கு அதிகம் பேர் வந்தார்கள்.

கூட்டம் பெயர் கூப்பிடுவதில் தொடங்கும், பட்டாளத்தில் செய்தது போலவே. மாமா உரக்கப் பெயர் சொல்வார். அந்தந்த ஆள் எழுந்து நின்று "ப்ரெசான்" என்று பதில் சொல்ல வேண்டும். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். முழங்கால் வலி, முதுகு வலி என்று மற்ற நேரமெல்லாம் புலம்புகிறவர்கள், இதற்கு மட்டும் எழுந்து நிற்காமல் இருக்க மாட்டார்கள். வந்தவர்கள், வராதவர்கள், வர முடியாது என்று சொல்லி அனுப்பியவர்கள் என்று மூன்று பத்தியாகப் பிரித்து நான் ஏற்றுவேன். தளத்தில் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். என்னைப் போல வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு, அப்பா இந்த மாதம் மாடிப்படி ஏறினாரா என்று தெரிய அதைவிட்டால் வேறு வழியில்லை. தொலைபேசியில் கேட்டால் எல்லா அப்பாக்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஒன்றை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்த ஒலிப்பதிவை நான் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் துணி துவைக்க வேண்டும், வாரத்துக்குச் சமைத்து வைக்க வேண்டும். கடாயைக் கிளறிக்கொண்டே கேட்பேன். அந்த வேகத்தில் இருபத்தாறு பேரின் குரலும் ஒரே குரலாகத்தான் இருக்கும்.

2

போன ஏப்ரல் மாதப் பட்டியலில், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, அப்பாவின் பெயர் 'சொல்லி அனுப்பியவர்கள்' பத்தியில் வந்தது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வயிறு கொஞ்சம் சரியில்லம்மா. மோர் குடிச்சேன், நின்னுடுச்சி," என்றார்.

நான் விடவில்லை. அன்றைக்கு மட்டும் ஆறு தடவை கூப்பிட்டிருப்பேன். என்ன சாப்பிட்டீர்கள், எந்தக் கடையில், டாக்டரிடம் ஏன் போகவில்லை, மங்கை எங்கே தொலைந்தாள் என்று ஒரு விசாரணையே நடத்தினேன். பாசத்தை அதட்டலாகத்தான் காட்டத் தெரியும் எனக்கு, அப்பாவிடமிருந்து வந்த குணம். கடைசித் தடவை கூப்பிட்டபோது, எனக்கே அலுத்துப்போய், இப்படிச் சொன்னேன்:

"அடுத்த மாசமும் உங்க பேரு இந்தப் பத்தியில வரட்டும், டிக்கெட் போட்டு வந்துடுவேன். உங்கள இட்டுக்கினு வந்து இங்க முதியோர் இல்லத்துல சேத்துடுவேன். டாக்டரு, நர்சு எல்லாம் இருக்கும், எனக்கும் நிம்மதி."

அப்பா, "லீனாவுக்குப் பரீட்சை முடிஞ்சிதா?" என்றார். லீனா என் மகள், லியோன் நகரத்தில் படிக்கிறாள். பேச்சை மாற்றுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பேத்தியின் பரீட்சையை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது.

மே மாதம் அப்பா 'வந்தவர்கள்' பத்தியில் இருந்தார். ஜூனிலும் இருந்தார். அப்புறம் ஒவ்வொரு மாதமும் இருந்தார். அதட்டினால்தான் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

3

நவம்பர் பதினொன்றாம் தேதி கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைப்பார்கள். அன்றைக்குப் பெயர் கூப்பிடுவதும் அங்கேயே நடந்துவிடும். இந்த வருடம் யாரோ நல்ல கேமரா வைத்திருந்திருக்கிறார். எல்லோரும் தொப்பியும் பதக்கமுமாக வரிசையில் நிற்கிற, முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று வந்தது. ஜூலை விழாப் படத்தில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், அதனால் இதை ஆசையாகத் திறந்தேன். இடமிருந்து வலம் என்று பெயர் போட உட்கார்ந்தேன். வலது ஓரம்வரை போய்விட்டேன். அப்பா இல்லை.

லூர்துநாதன் மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, படத்துல அப்பா எங்க?"

"இருப்பாரும்மா, நல்லா பாரு."

"நல்லா பாத்துட்டேன்."

"வெயிலு பாரு. நெழலுக்குப் போயி உக்காந்திருப்பாரு."

"ப்ரெசான் சொல்லியிருக்காரே?"

"சொல்லிட்டுப் போயி உக்காந்தாரு."

மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. சரி மாமா என்று வைத்துவிட்டு, ஒலிப்பதிவைத் திறந்து, வேகத்தைக் குறைத்து, அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"கோவிந்தராசு," என்று மாமாவின் குரல். "ப்ரெசான்," என்று ஒரு கட்டைக் குரல், அதன் பின்னாலேயே சளி இருமல். அப்பாவுக்கு இருமலும் கிடையாது, அது அவர் குரலும் கிடையாது.

அக்டோபர் பதிவை எடுத்தேன். கீச்சென்று ஒரு குரல். செப்டம்பரில் மூக்கால் பேசுகிற ஒருவர். ஆகஸ்டில் சொன்னவர், இரண்டு பெயர் தள்ளித் தன் பெயர் வந்ததும் அதே குரலில் மறுபடி ப்ரெசான் சொல்கிறார். மே மாதப் பதிவில் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவதுகூடக் கேட்கிறது. ஏழு மாதம், ஏழு குரல். ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் என் அப்பாவாக எழுந்து நின்றிருக்கிறார். அதை நான் என் காதால் கேட்டு, என் கையால் தட்டி, ஊருக்கும் உலகத்துக்கும் நானே அறிவித்திருக்கிறேன். பெற்ற அப்பன் குரலைத் தெரியாத காதை வைத்துக்கொண்டு நான் யாரை அதட்டினேன் என்று வெட்கமாக இருந்தது.

மறுபடி கூப்பிட்டபோது மாமா மறைக்கவில்லை.

ஏப்ரல் கூட்டத்துக்கு அப்பா வழக்கம்போல வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். பத்து நிமிட நடை. வழி தெரியாமல் எந்தப் பேருந்திலோ ஏறி, ஊர் எல்லையில் கோரிமேட்டில் இறங்கி, அங்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் காத்திருந்தவர்களின் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து மத்தியானம்வரை. யாரோ தொப்பியைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் இருந்த சங்க அட்டையை எடுத்து மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நாங்க போனப்ப எங்கள நல்லாத்தான் தெரிஞ்சிது," என்றார் மாமா. "ஏன்டா இங்க வந்து குந்திக்கினு இருக்கன்னா, பேரு கூப்புடுவாங்கன்னு சொல்றாரு. அப்பறம் வரவரக் கொஞ்சம் அதிகமாயிடுச்சி. வெளிய உடறதில்ல. மங்கை பாத்துக்குது."

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"நீ இல்லத்துல சேத்துடுவேன்னு சொன்னியாமே. மறுநாளே ஆள் அனுப்பி என்னைய வூட்டுக்குக் கூப்ட்டாரு. என் கையப் புடிச்சிக்கினு, எம்பேரு அந்தப் பத்தியில வந்தா எம் பொண்ணு வந்துடும், என்னைய இந்த வூட்லேருந்து கெளப்பிடும், நீங்கதான் காப்பாத்தணும்னாரு. வார்த்த குடுத்துட்டோம்மா."

"அதுக்காக ஆளுக்கு ஒரு மாசமா?"

"ஒருத்தனே சொன்னா நீ குரல வெச்சிக் கண்டுபுடிச்சிருவன்னு, மாத்தி மாத்திச் சொன்னோம்," என்றார் மாமா.

அவர்கள் என்னை எவ்வளவு பெரிய கெட்டிக்காரி என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அழுதேன். மாமா வைத்துவிடாமல் அப்படியே தொலைபேசியில் இருந்தார்.

4

லீனாவிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"நான் போன ஆகஸ்ட்லயே சொன்னேனேம்மா. தாத்தா போன்ல ஒரே கேள்விய மூணு தடவ கேட்டாருன்னு."

சொல்லியிருக்கிறாள். வயதானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், உனக்குத் தமிழ் பாதி புரியாது, அதனால் அப்படித் தோன்றுகிறது என்று நான்தான் வாயை அடைத்திருக்கிறேன். இவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தாவோடு பேசுவது முக்கால்வாசி பிரெஞ்சில், அதுவும் அவருடைய பட்டாளத்துப் பிரெஞ்சில். ஊரை மறந்துவிட்டாள், உறவை மறந்துவிட்டாள் என்று நான் யாரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேனோ, அவள்தான் அவர் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். அதை அவளிடம் சொன்னேன். "பரவால்லம்மா," என்றாள். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

மங்கையிடமும் பேசினேன். ஞாயிறுதோறும் அப்பா என்னிடம் கேட்கிற கேள்விகளை அவள்தான் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பாளாம். லீனா பரீட்சை, குளிர் எப்படி, மழையா, வேலை அதிகமா. பார்த்துப் பார்த்துக் கேட்பாராம். "எழுதிக் குடுத்தா நல்லா பேசுவாருக்கா. நீங்களும் சந்தோஷமா பேசுவீங்க. அதான்," என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்து, திட்டாமல் வைத்தேன். திட்டிவிட்டால் நாளைக்கு அவருக்குச் சோறு போட யார் இருக்கிறார்கள்?

உடனே கிளம்ப வேண்டும் என்று பாஸ்போர்ட்டை எடுத்தால், அது கோடையிலேயே காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க முன்பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்தால் அடுத்த ஆறு வாரத்துக்கு இடமில்லை. அவசரம் என்றால் காரணத்தைத் தேர்ந்தெடு என்றது. மரணம் இருந்தது, வேலை நிமித்தம் இருந்தது. அப்பா என்னை ஏமாற்றிவிட்டார் என்பது இல்லை.

அப்பாவும் பிரெஞ்சுக் குடிமகன்தானே, வயதானவருக்கு வீட்டிலேயே உதவிக்கு ஆள் கேட்கலாமே என்று ஒரு அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். மறுமுனையில் இருந்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள். பதினான்கு பக்கப் படிவம், விண்ணப்பதாரரே நேரில் பதில் சொல்லிக் கையெழுத்திட வேண்டும், அவருடைய சம்மதம் இல்லாமல் மகள்கூட ஒன்றும் செய்ய முடியாது என்றாள். அவருக்கு ஞாபகம் இல்லையே என்றேன். அப்படியானால் தனக்கு ஞாபகம் இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்றாள். அவள்மேல் தப்பில்லை. நானும் தினமும் அந்தக் குரலில்தான் பல்வலிக்காரர்களிடம் பேசுகிறேன்.

டிசம்பர் கூட்டத்துக்கு முன்னால் மாமா கேட்டார், "உங்கப்பா பேர எந்தப் பத்தியில போடறது, நீயே சொல்லும்மா." உங்கள் இஷ்டம் மாமா என்றேன். பதிவு வந்தது. கோவிந்தராசு என்று கூப்பிட்டதும் ஒரு நிமிடம் மின்விசிறி மட்டும் ஓடியது. பிறகு நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் ப்ரெசான் என்றார்கள். இருக்கிறதைத்தான் ஏற்ற வேண்டும் என்பது என் வேலை. 'வந்தவர்கள்' பத்தியில் ஏற்றினேன்.

5

ஜனவரியில் பத்து நாள் விடுப்பும் பாஸ்போர்ட்டும் ஒருவழியாகச் சேர்ந்து கிடைத்தன. பெட்டியில் அந்தப் பதினான்கு பக்கப் படிவத்தை முதலில் வைத்தேன்.

கதவைத் திறந்ததும் அப்பா, "வசந்தி, எப்படா வந்த?" என்றார். உயிர் வந்தது எனக்கு. இவர்களெல்லாம் ஒன்றை ஒன்பதாக்கிவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். மூன்று நாள் நன்றாகவே போனது. ஒரே கதையை இரண்டு தடவை சொன்னார், அம்மாவைத் தேடினார், குளியலறைக் கதவுக்கு முன் எந்தப் பக்கம் திறப்பது என்று யோசித்து நின்றார். ஆனால் என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டே சமாளித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

நாலாம் நாள் காலை அப்பா குளித்து, வழுவழுவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் என்று நான் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் பிரித்தேன். அப்பா விருட்டென்று எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும் மதாம், கவனிக்கல," என்றார். "மங்கை, மதாமுக்குக் காப்பி கொண்டா."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. அலுவலகத்துப் பெண்களைத்தான் அவர் மதாம் என்பார். சமையலறை வாசலில் நின்ற மங்கை என்னைப் பார்த்தாள். எதுவும் சொல்லாதே, காப்பியைக் கொண்டு வா என்று நான் கண்ணைக் காட்டினேன். மறுத்துச் சொன்னால் பயந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தார். மங்கை காப்பியை வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

படிவம் தமிழில் இல்லை. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டேன். பெயர் சொன்னார். பிறந்த தேதி சொன்னார். படையில் தனக்குக் கொடுத்த எண்ணை மூச்சுவிடாமல் பிரெஞ்சில் சொன்னார். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் மங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"வூட்ல வேற யாரு இருக்காங்க?"

"என் சம்சாரம். கோயிலுக்குப் போயிருக்குது, வந்துடும்."

"புள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. பிரான்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில வேல." என் வரவேற்பு மேசையை அவர் எப்போதுமே அப்படித்தான் ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறார். பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "இதெல்லாம் எம் பொண்ணுக்குத் தெரியப்படுத்துவீங்களா மதாம்?"

அடுத்த பக்கத்தில் அந்தக் கேள்விதான் இருந்தது. தகவல் தெரிவிக்க வேண்டிய நெருங்கிய உறவினர். விமானத்தில் வரும்போதே அந்தக் கட்டத்தில் என் பெயரையும் எண்ணையும் எழுதிவைத்திருந்தேன்.

"தெரியப்படுத்தணும்னு இதுல போட்டிருக்குங்க," என்றேன்.

"வேணாம் மதாம். எனக்கு அடிக்கடி மறந்துபோவுது, அது எனக்கே தெரியும். சொன்னீங்கன்னா அது வேலைய உட்டுட்டு ஓடியாரும். கோவக்காரப் பொண்ணு, ஆனா பயந்த புள்ள. வந்து என்னா பண்ணும் பாவம்?"

அப்பா அதை உண்மையாகவே கேட்டார். என் பதிலுக்காகக் காத்திருந்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். திரும்புவதற்கு ஆறு நாள் இருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றேன்.

"வாயால சொன்னா எப்பிடி. நாளைக்கி உங்க இடத்துக்கு வேற ஆள் வந்தா? எழுதிக் குடுத்துடுங்க."

படிவத்தின் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. அதைக் கிழித்து, இவருடைய உடல்நிலை குறித்து இவருடைய மகளுக்குத் தெரிவிக்க மாட்டேன் என்று பிரெஞ்சில் எழுதினேன். தேதி போட்டேன். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். பெயருக்கு வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வசந்தியா? எம் பொண்ணு பேரும் அதான் மதாம்," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காப்பி ஆறுகிறது குடியுங்கள் என்றார்.